வாசகர் கேள்வி - பதில்: பழைய வண்டி ரேடியோக்கள் இரண்டும் ஒரு ரிப்பீட்டரும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. வாகனங்களில் பொருத்திப் பயன்படுத்தி ஒதுக்கப்பட்ட இருவழி ரேடியோக்கள் இரண்டை வாங்கி, ஒன்றை ரிசீவராகவும் மற்றொன்றை டிரான்ஸ்மிட்டராகவும் வைத்து, ஹாம் என்னும் பொழுதுபோக்கு வானொலி அன்பர்களுக்கான ரிப்பீட்டர் ஒன்றை அமைக்க முடியுமா என்பதே அது. ஆகவே இப்பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 25 வாட் திறனுள்ள பழைய மொபைல் ரேடியோக்கள் இரண்டு எங்கள் ஹாம் குழுவுக்குக் கிடைத்துள்ளன. ஒன்றின் ஸ்பீக்கர் ஒலியை மற்றொன்றின் மைக் முனையில் கொடுத்து, பேச்சு வரும்போது பி.டி.டி. (பேசுவதற்கு அழுத்தும் பொத்தான்) தானாக இயங்கும்படி செய்துவிட்டால் ரிப்பீட்டர் தயார் என்கிறார் நண்பர். இவ்வளவு எளிதானதா?

பதில்: நண்பர் சொன்னது சரியே. ஆனால் அவர் சொன்ன பகுதி ஒரே மாலையில் முடிந்துவிடும். சொல்லாமல் விட்ட பகுதிதான் மாதக்கணக்கில் இழுக்கும்.

ரிப்பீட்டர் என்பது ஓர் அதிர்வெண்ணில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கேட்டதை அதே கணத்தில் வேறோர் அதிர்வெண்ணில் அனுப்பிக்கொண்டும் இருக்க வேண்டிய கருவி. 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸ் அளவில்) இவ்விரண்டு அதிர்வெண்களுக்கும் நடுவே வழக்கமாக விடப்படுவது 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. உங்கள் டிரான்ஸ்மிட்டர் வெளியிடுவது 25 வாட். அதன் அருகிலேயே இருக்கும் ரிசீவரோ, 50 ஓம் உள்ளீட்டில் 0.25 மைக்ரோவோல்ட் அளவே உள்ள சிக்னலிலிருந்துகூடப் பேச்சைப் புரியும்படி எடுத்துத் தரக்கூடியது. இரண்டையும் வாட்டில் கணக்கிட்டு ஒப்பிட்டால், அனுப்பும் திறன் கேட்கும் திறனைப்போல் 2-க்குப் பின் 16 பூஜ்யங்கள் இட்ட மடங்கு பெரியது. திறன்களின் விகிதத்தைச் சொல்லும் டெசிபல் அளவில் ஏறத்தாழ 163.

இவ்வளவு பெரிய திறன் பக்கத்திலேயே இருப்பதால் ரிசீவருக்கு இரண்டு வழிகளில் கேடு வருகிறது. முதலாவது, டிரான்ஸ்மிட்டரின் அலை வேறு அதிர்வெண்ணில் இருந்தாலும், அதன் வலிமையே ரிசீவரின் முதல் பெருக்கியையும் மிக்ஸரையும் திணறடித்துவிடுகிறது. தொலைவிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அந்தத் திணறலில் காணாமல் போகிறது. இதற்கு ரிசீவரின் வாயிலில் ஒரு வடிகட்டியை வைத்து டிரான்ஸ்மிட்டரின் அதிர்வெண்ணை அடக்கிவிடலாம். இரண்டாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை. எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அலையோடு சேர்த்து, அதன் இருபுறமும் பல நூறு கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு மெல்லிய இரைச்சல் ஒன்றையும் வெளியிடுகிறது. அந்த இரைச்சலின் ஒரு பகுதி உங்கள் ரிசீவர் கேட்டுக்கொண்டிருக்கும் அதே அதிர்வெண்ணில் வந்து விழுகிறது. வேண்டிய சிக்னலும் வேண்டாத இரைச்சலும் ஒரே இடத்தில் நிற்பதால், ரிசீவர் பக்கத்தில் எவ்வளவு உயர்ந்த வடிகட்டியை வைத்தாலும் பயன் இல்லை. டிரான்ஸ்மிட்டரின் வாயிலிலேயே, ஆன்டெனாவுக்குப் போகுமுன்பே, அதை அடக்கியாக வேண்டும்.

டூப்ளெக்ஸர் என்னும் பகுதி இந்த இரண்டு வேலைகளையும் இரண்டு கைகளில் செய்கிறது. ஒரே ஆன்டெனாவை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் மூன்றாவது வேலை. 163 டெசிபலையும் அது சுமக்க வேண்டியதில்லை. இரைச்சல் அலையைவிடத் தானாகவே மிகத் தாழ்ந்த அளவில்தான் இருக்கும். ரிசீவரும் தன் அதிர்வெண்ணை விட்டு விலகியிருக்கும் அலையை ஓரளவு தாங்கிக்கொள்ளும். எனினும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 25 வாட்டுக்கு, இரண்டு வேலைகளுக்கும் தனித்தனியே 80 முதல் 90 டெசிபல் வரை தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோக்களுக்காக ஒதுக்கும் பணத்தைக் காட்டிலும் டூப்ளெக்ஸருக்கும் நல்ல கேபிளுக்கும் அதிகமாக ஒதுக்குவதே முறை. ரேடியோ சுமாராக இருந்தும் டூப்ளெக்ஸர் நன்றாக இருக்கும் ரிப்பீட்டர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன; ரேடியோ நன்றாக இருந்து டூப்ளெக்ஸர் சுமாராக இருந்தால் அப்படி நடப்பதில்லை.

கேள்வி: ரிப்பீட்டர் அமைக்கத் தனி அனுமதி வேண்டுமா? ஹாம் உரிமம் இருந்தால் போதாதா?

பதில்: பல நாடுகளில் போதாது. ஆளில்லாமல் இயங்கும் நிலையம் என்பதால் தனி உரிமமோ, அதிர்வெண் ஒதுக்கீட்டுக்கான ஒப்புதலோ கேட்கப்படும். தவறு நேர்ந்தால் தொலைவிலிருந்தே அணைக்கும் வசதி இருக்க வேண்டும் என்றும், குறிப்பிட்ட கால இடைவெளியில் நிலையத்தின் அழைப்புக்குறி தானாக ஒலிபரப்பாக வேண்டும் என்றும் நிபந்தனைகள் இருக்கலாம். டூப்ளெக்ஸரை எந்த அதிர்வெண்ணுக்கு டியூன் செய்வது என்பதே ஒதுக்கீடு கிடைத்த பிறகுதான் தெரியும் என்பதால், அனுமதியை முதலில் பெறுங்கள்.

கேள்வி: எந்த வகை ரேடியோவைத் தேடி வாங்குவது? பழைய ஹாம் மொபைல் செட்டுகளும் சந்தையில் கிடைக்கின்றனவே?

பதில்: டாக்ஸி நிறுவனங்கள், சரக்கு வண்டிகள், காவல் பிரிவுகள் போன்றோருக்காகத் தயாரிக்கப்பட்ட வணிக ரேடியோக்களையே தேர்ந்தெடுங்கள். ஹாம் செட்டுகள் அகன்ற பட்டையைக் கேட்க வேண்டும் என்ற நோக்கில் அமைக்கப்படுவதால், பலவற்றின் முகப்பு வடிகட்டி தளர்வாக இருக்கும். வணிக ரேடியோவின் ரிசீவர் குறுகிய பட்டைக்கென இறுக்கமாக அமைந்திருப்பதால், பக்கத்தில் நிற்கும் வலுவான அலையை அது மேலும் நன்றாகத் தாங்கும்.

இத்தகைய ரேடியோக்கள் ஏராளமாகப் பயன்பாட்டிலிருந்து வெளியேறியதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் 150 முதல் 174 வரையும், 421 முதல் 470 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பட்டைகளைப் பயன்படுத்தும் வணிக நிலையங்கள் 2013 ஜனவரி 1-ஆம் தேதிக்குள் 25 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையிலிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸுக்கு மாறியாக வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அகன்ற அலைவரிசையை மட்டுமே அறிந்த செட்டுகள் அவர்களுக்குப் பயனற்றுப் போயின. அந்த விதி ஹாம் பட்டைகளைத் தொடவில்லை என்பதால் அவை நமக்குப் பயன்படுகின்றன.

வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். ஒரே மாதிரி எண்ணின் கீழ் வெவ்வேறு அதிர்வெண் பிரிவுகளில் ரேடியோக்கள் வந்திருக்கும். பின்பக்கச் சீட்டில் உள்ள முழு எண்ணைப் படித்து, உங்கள் பட்டைக்கு உரிய பிரிவுதானா என்று உறுதி செய்யுங்கள். அடுத்து, பின்புறத்தில் துணைக்கருவிகளுக்கான சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டோரோலா ஜி.எம். 300 ரிப்பீட்டர் கட்டுவோரிடம் புகழ்பெற்றதற்கு அதன் 16 பின் சாக்கெட்டே முக்கியக் காரணம், ஒலி, பி.டி.டி., ஸ்குவெல்ச் (சிக்னல் வராதபோது ஒலியை அடைத்து வைக்கும் சுற்று) திறந்ததைச் சொல்லும் சைகை ஆகிய மூன்றும், பெட்டியைத் திறக்காமலேயே அங்கு கிடைக்கின்றன. மூன்றாவது, அதை நிரல்படுத்தும் மென்பொருள். அந்தத் தலைமுறை ரேடியோக்களின் மென்பொருள் டாஸ் காலத்தது. வேகமான புதிய கணினிகளில் அது ரேடியோவோடு சரியாகப் பேசாது. மெதுவான பழைய கணினி ஒன்றும், உரிய இணைப்புப் பெட்டியும் கைவசம் உள்ள நண்பர் இல்லாவிட்டால், ரேடியோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் ஒன்று பழுதானால் மற்றொன்றைக் கொண்டு எளிதில் சோதித்துப் பார்க்கலாம் என்பதால், ஒரே மாதிரியை எடுப்பது நல்லது; முடிந்தால் மூன்றாவது ஒன்றையும் சேர்த்து எடுங்கள்.

கேள்வி: டூப்ளெக்ஸர் விலை எங்களுக்கு எட்டாது. ரிசீவருக்கு ஒன்று, டிரான்ஸ்மிட்டருக்கு ஒன்று என இரண்டு ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் போதுமா? எவ்வளவு தள்ளி வைப்பது?

பதில்: எத்திசையில் தள்ளுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா தன் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் மிகக் குறைவாகவே அலையைச் செலுத்துகிறது. பக்கவாட்டில்தான் முழு வலிமையும் போகிறது. ஆகையால் ஒரே கோபுரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது, பக்கம் பக்கமாக நிறுத்துவதைவிடப் பன்மடங்கு பயன் தரும். 2 மீட்டர் பட்டையில் ஒன்றுக்கு நேர் மேலே 10 மீட்டர் உயரத்தில் மற்றதை வைத்தால் கணக்குப்படி ஏறத்தாழ 55 டெசிபல் பிரிவு கிடைக்கும். அதே பிரிவைப் பக்கவாட்டில் பெற 100 மீட்டர் நகர வேண்டும். நமக்குத் தேவையானதோ 80-க்கு மேல். அதைச் செங்குத்து இடைவெளியால் மட்டுமே பெற 40 மீட்டருக்கு மேல் வேண்டும்; அப்படிப்பட்ட கோபுரம் கைவசம் உள்ளவருக்கு டூப்ளெக்ஸர் விலை ஒரு பொருட்டாக இருக்காது. இவை காகிதக் கணக்குகள் என்பதையும் நினைவில் வையுங்கள். கோபுரத்தின் இரும்புச் சட்டங்களும் அருகில் ஓடும் கேபிள்களும் அலையைத் திருப்பி விடுவதால், கிடைப்பது பெரும்பாலும் இதைவிடக் குறைவே.

இங்கே பட்டையை மாற்றுவதைப் பற்றி யோசிக்கச் சொல்வேன். 70 சென்டிமீட்டர் பட்டையில் (435 மெகாஹெர்ட்ஸ் அளவில்) அலைநீளம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவதால், அதே 10 மீட்டர் செங்குத்து இடைவெளி 74 டெசிபல் வரை தருகிறது. அங்கே பல நாடுகளில் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேல் என்பதால், டிரான்ஸ்மிட்டரின் இரைச்சலும் அவ்வளவு தொலைவில் நன்கு தணிந்திருக்கும். தேவைப்படும் பிரிவே குறைந்துவிடுகிறது. டூப்ளெக்ஸருக்குள் வடிகட்டும் வேலையைச் செய்யும் கேவிட்டி என்னும் உலோக உருளைகளும் சிறியவை. 2 மீட்டரில் அரை மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஆறு உருளைகள் செய்யும் வேலையை, இங்கே மேசை மீது வைக்கும் சிறு பெட்டி செய்துவிடுகிறது. முதன்முதலாக ரிப்பீட்டர் கட்டும் குழு 70 சென்டிமீட்டரில் தொடங்குவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கை. சந்தையில் 'மொபைல் டூப்ளெக்ஸர்' என்ற பெயரில் 2 மீட்டர் அடங்கிய வி.எச்.எஃப். பட்டைக்கும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் பல மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்காக அமைக்கப்பட்டவை. 600 கிலோஹெர்ட்ஸுக்கு அவற்றை எப்படித் திருகினாலும் வராது. சீட்டில் குறைந்தபட்ச இடைவெளி என்று போட்டிருப்பதைப் படிக்காமல் வாங்கிவிட வேண்டாம்.

ஒரு பட்டையில் கேட்டு மற்றொரு பட்டையில் அனுப்பும் 'கிராஸ்-பேண்ட்' அமைப்பில் டூப்ளெக்ஸரே வேண்டாம் என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். உண்மைதான். 145 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும்போது அதன் மூன்றாவது மடங்கு 435-இல், அதாவது 70 சென்டிமீட்டர் பட்டையின் நடுவிலேயே, வந்து விழுகிறது என்பதை மட்டும் கவனித்து அதிர்வெண்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ஆறு கேவிட்டி டூப்ளெக்ஸர் ஒன்று கிடைத்திருக்கிறது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் கடந்துபோகிறது என்று காட்டும் கையடக்க நேனோ வி.என்.ஏ. கருவியைக் கொண்டு அதை டியூன் செய்ய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் முழு டூப்ளெக்ஸரையும் ஒரே நேரத்தில் பார்த்துச் செய்ய முடியாது. அந்தக் கருவி இந்த அதிர்வெண்களில் ஏறத்தாழ 70 டெசிபல் ஆழம் வரைதான் பார்க்கும். தடுக்க வேண்டிய அதிர்வெண்ணில் ஒரு பக்கத்து மூன்று கேவிட்டிகள் சேர்ந்து தரும் 90 டெசிபல் பள்ளத்தின் அடியை அது காட்டாது, திரையில் வெறும் இரைச்சல்தான் தெரியும். எனவே இணைப்புக் கேபிள்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கேவிட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். தனியொரு கேவிட்டியின் பள்ளம் 30 டெசிபல் அளவில் இருக்கும் என்பதால் அது தெளிவாகத் தெரியும்.

நடுவில் உள்ள நீண்ட தண்டை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும், கடந்துபோக வேண்டிய அதிர்வெண்ணின் முகட்டை முதலில் அமையுங்கள். பிறகு பக்கத்தில் உள்ள சிறு திருகால் தடுக்க வேண்டிய அதிர்வெண்ணுக்குப் பள்ளத்தைக் கொண்டுவாருங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும்; ஆகவே இரண்டு மூன்று முறை மாறி மாறிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். எல்லாம் சரியாக வந்தபின் பூட்டு நட்டை இறுக்கும்போதுதான் பொறுமை சோதிக்கப்படும்: நட்டு கால் சுற்றுத் திரும்புவதற்குள் திரையில் பள்ளம் பல கிலோஹெர்ட்ஸ் பக்கவாட்டில் நழுவிவிடும். ஒரு கையால் தண்டை அசையாமல் பிடித்து, மறு கையால் சிறிது சிறிதாக இறுக்கி, நழுவும் திசையைக் கவனித்து, அடுத்த முறை அதற்கு எதிர்த்திசையில் அவ்வளவு தள்ளி வைத்தே இறுக்கத் தொடங்குங்கள். கைபழகிவிட்டால் விரைவில் முடியும்.

கேவிட்டிகளை இணைக்கும் கேபிள் துண்டுகளை மாற்றாதீர்கள். அவை அலைநீளத்தின் குறிப்பிட்ட பங்காக, கேபிளுக்குள் அலை எவ்வளவு வேகத்தில் செல்லும் என்பதையும் கணக்கில் கொண்டு வெட்டப்பட்டவை. அழகுக்காகவோ இடவசதிக்காகவோ நீளத்தை மாற்றினால் தனித்தனியே சரியாக இருந்த கேவிட்டிகள் சேர்ந்ததும் தவறிப்போகும். எல்லாவற்றையும் இணைத்தபின், ஒரு பக்கத்தில் சிக்னல் ஜெனரேட்டரை வைத்து, அடக்கப்பட வேண்டிய அதிர்வெண்ணை வலுவாகச் செலுத்தி, மறுபக்கத்தில் ரிசீவரில் அது மிகக் குறைவாகக் கேட்கும் நிலைக்குச் சிறு திருத்தம் செய்துகொள்ளலாம். வி.என்.ஏ. இணைந்திருக்கும்போது டிரான்ஸ்மிட்டரை இயக்கிவிட வேண்டாம். கருவி அந்தக் கணமே போய்விடும்.

நன்றாக டியூன் செய்த டூப்ளெக்ஸரிலும் 1.5 டெசிபல் அளவுக்கு இழப்பு இருக்கும். உங்கள் 25 வாட்டில் ஆன்டெனா பக்கம் போய்ச் சேருவது 18 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. இது கோளாறு இல்லை; அதைக் குறைக்கிறேன் என்று திருகிக்கொண்டே போனால் பள்ளம் ஆழம் இழக்கும்.

கேள்வி: இரண்டு ரேடியோக்களையும் இணைத்துவிட்டோம். பேச்சு கேட்கிறது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாக இருக்கிறது. ஒலியைக் கூட்டினால் சிதைகிறது. எங்கே பிழை?

பதில்: ஒலியை எந்த முனையில் எடுத்து எந்த முனையில் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எஃப்.எம். பேச்சு ரேடியோக்களில், அனுப்பும்போது உயர்சுரங்களை, அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறைக்கும் 6 டெசிபல் வீதம் உயர்த்துவதும், கேட்கும்போது அதே அளவு தாழ்த்துவதும் வழக்கம். 300 ஹெர்ட்ஸிலிருந்து 3000 ஹெர்ட்ஸ் வரை கணக்கிட்டால் இந்தச் சாய்வு 20 டெசிபல் ஆகிறது. தாழ்த்தப்பட்ட ஒலியை எடுத்து, உயர்த்தும் சுற்றைத் தாண்டி நேராக மாடுலேட்டருக்குப் போகும் முனையில் கொடுத்துவிட்டால், அந்த 20 டெசிபலும் உயர்சுரங்களிலிருந்து போய்விடும். அதுதான் நீங்கள் கேட்கும் மந்தம். எதிர்மாறாகச் செய்திருந்தால் தகரத்தைத் தட்டுவதுபோல் கீச்சென்று ஒலிக்கும். தாழ்த்தப்பட்ட ஒலியை மைக் முனைக்குக் கொடுங்கள். தாழ்த்தும் சுற்றுக்கு முன்பே, டிஸ்கிரிமினேட்டரிலிருந்து நேராக வரும் ஒலியை நேர் முனைக்குக் கொடுங்கள். சில ரேடியோக்களில் ஒரே பின்னில் இரண்டில் எது வர வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஜம்பர் முடிவு செய்கிறது என்பதால், வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அளவைச் சரிசெய்யக் காதை நம்ப வேண்டாம். உள்ளே 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை 3 கிலோஹெர்ட்ஸ் விலகலோடு (ஒலியால் அலையின் அதிர்வெண் அசையும் அளவு) அனுப்புங்கள். வெளியே வருவதும் 3 கிலோஹெர்ட்ஸ் விலகலாக இருக்கும்படி நடுவில் உள்ள 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பி வையுங்கள். ஒரு ரேடியோவை அகன்ற அலைவரிசைக்கும் மற்றதைக் குறுகிய அலைவரிசைக்கும் நிரல்படுத்தியிருந்தால் இந்தச் சமநிலை வரவே வராது, அதையும் பார்த்துவிடுங்கள். இரு முனைகளிலும் நேர்மின் அழுத்தம் இருக்கலாம் என்பதால் இடையில் ஒரு மின்தேக்கி அவசியம்.

ஸ்பீக்கர் கம்பியிலிருந்து ஒலியை எடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. யாரேனும் ஒலியளவுக் குமிழைத் தொட்டாலே ரிப்பீட்டரின் ஒலி மாறிவிடும் என்பது ஒரு காரணம். பல மொபைல் ரேடியோக்களில் ஸ்பீக்கரின் இரு கம்பிகளுமே தரையோடு சேராமல் மிதந்து நிற்பவை. ஒன்றைத் தரையில் இணைத்துவிட்டால் ஒலிப் பெருக்கி எரிந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பி.டி.டி.யைப் பொறுத்தவரை வேலை சிறியது. ஸ்குவெல்ச் திறக்கும்போது உயரும் மின்னழுத்தத்தை 10 கிலோ ஓம் வழியாக பி.சி. 547 போன்ற என்.பி.என். டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுத்து, எமிட்டரைத் தரையிலும் கலெக்டரை பி.டி.டி. முனையிலும் இணைத்தால் போதும்.

கேள்வி: யாரும் பேசாதபோதும் எங்கள் ரிப்பீட்டர் சில நேரம் தானாக இயங்கி, நிற்காமல் ஓடுகிறது. பேச்சோடு சேர்ந்து வரும் சி.டி.சி.எஸ்.எஸ். என்னும் தாழ்ந்த தொனியைச் சேர்த்துவிட்டால் தீரும் என்கிறார்கள்.

பதில்: தொனியைச் சேர்ப்பது எப்படியும் நல்லதே. 67.0 முதல் 250.3 ஹெர்ட்ஸ் வரை உள்ள தரப்படுத்திய தொனிகளில் ஒன்றை ரிசீவர் எதிர்பார்க்கும்படி வைத்தால், எங்கிருந்தோ வரும் இரைச்சலுக்கெல்லாம் ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளாது. ஆனால் உங்களுடையது வேறு நோய் போலிருக்கிறது. ஏதோ ஒரு சிறு இடையூறால் டிரான்ஸ்மிட்டர் இயங்கத் தொடங்கியதும், அதன் கசிவே ரிசீவரின் ஸ்குவெல்ச்சைத் திறந்து பிடித்துக்கொள்கிறது; ஸ்குவெல்ச் திறந்திருப்பதால் டிரான்ஸ்மிட்டரும் நிற்பதில்லை. தொனி இந்த அறிகுறியை மறைத்துவிடும், கசிவு அப்படியே இருக்கும். தொலைவிலுள்ளவர்களின் சிக்னலை அது தொடர்ந்து விழுங்கிக்கொண்டிருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. உதவியாளர் ஒருவரை, அவருடைய சிக்னல் லேசான இரைச்சலோடு கேட்கும் தொலைவில் நிறுத்தி, தொடர்ந்து பேசச் சொல்லுங்கள். ரிசீவரின் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே, டிரான்ஸ்மிட்டரைக் கையால் இயக்கியும் நிறுத்தியும் பாருங்கள். இயக்கும்போது இரைச்சல் கூடினால் அதுவே கசிவு. அடுத்து, டிரான்ஸ்மிட்டரை டூப்ளெக்ஸரிலிருந்து கழற்றி டம்மி லோடில் (அலையை வெளியிடாமல் வெப்பமாக்கிவிடும் மின்தடையில்) இணைத்து, ரிசீவரை மட்டும் ஆன்டெனாவில் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் இரைச்சல் கூடுகிறதென்றால் அலை டூப்ளெக்ஸர் வழியாக வரவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த பெட்டிகளின் இடுக்குகள் வழியாகவும், மின்கம்பிகள் வழியாகவும் நேராகப் பாய்கிறது. ரேடியோக்களைப் பிரித்துத் தனித்தனி உலோகப் பெட்டிகளில் வைத்து, கம்பிகளில் ஃபெர்ரைட் வளையங்களைக் கோத்துவிடுங்கள். டம்மி லோடில் இரைச்சல் மறைந்துவிட்டால், குற்றவாளி டூப்ளெக்ஸரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது.

எதுவானாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இயங்கினால் தானாக அணைக்கும் டைமர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால் திறன் பாதியாகிவிடுகிறது. பழைய ரேடியோ என்பதாலா?

பதில்: புதிய ரேடியோவும் இதையே செய்யும். வண்டியில் இருப்பவர் சில நொடிகள் பேசிவிட்டுப் பெரும்பாலான நேரம் கேட்பார் என்ற கணக்கில்தான் அதன் வெப்பத்தகடு அளவிடப்பட்டது. ரிப்பீட்டரிலோ யார் பேசினாலும் அந்த ஒரே டிரான்ஸ்மிட்டர்தான் உழைக்க வேண்டும். 25 வாட் அனுப்பும்போது 13.6 வோல்ட்டில் 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும்; வெளியே போனது தவிர மீதி 50 வாட் உள்ளேயே சூடாகிறது. சூடு அளவு மீறினால் ரேடியோவே தன் திறனைக் குறைத்துக்கொள்ளும், அதுதான் நீங்கள் பார்ப்பது. மென்பொருளில் திறனைப் பாதிக்குக் குறையுங்கள். தகட்டின் துடுப்புகள் நின்ற நிலையில் இருக்கும்படி நிறுத்தி, காற்று அவற்றின் ஊடே போகும்படி மின்விசிறி ஒன்றை வையுங்கள். 45 வாட் ரேடியோவை 2 வாட்டுக்கு இறக்குவதுபோல் மிகவும் தாழ்த்திவிடாதீர்கள். அந்த நிலையில் சில ரேடியோக்களின் இறுதிப் பெருக்கி நிலைகுலைந்து, வேண்டாத அதிர்வெண்களிலும் அலையை வெளியிடத் தொடங்கிவிடும்.

கேள்வி: காற்று வீசும் நாட்களில் மட்டும் ரிசீவரில் கரகரப்பு வருகிறது. டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது.

பதில்: தளர்ந்த உலோக இணைப்பு ஒன்று டிரான்ஸ்மிட்டரின் அலையில் குளித்துக்கொண்டு அசைகிறது. துருப்பிடித்த கிளாம்ப், இறுகாத கனெக்டர், கோபுரத்தில் உரசிக்கொண்டிருக்கும் ஒரு கம்பித் துண்டு என எதுவாகவும் இருக்கலாம். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது ஒவ்வோர் இணைப்பையும் மரக்கட்டையால் மெல்லத் தட்டிக்கொண்டே ரிசீவரில் ஒருவரைக் கேட்கச் சொன்னால் இடம் அகப்பட்டுவிடும். கோபுரத்தில் ஏறித் தட்டுபவர் அனுப்பும் ஆன்டெனாவை நெருங்கக் கூடாது. அந்தப் பகுதியை டிரான்ஸ்மிட்டரை நிறுத்திய பிறகே தொட வேண்டும்.

கேபிளையும் சந்தேகியுங்கள். எல்.எம்.ஆர். 400 போன்றவற்றில் அலுமினியப் படலத்தின்மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் உரசிக்கொண்டிருக்கும். ஒருவழிப் பயன்பாட்டுக்கு அது மிக நல்ல கேபிள், ஆனால் ஒரே கேபிளில் அனுப்புவதும் கேட்பதும் சேர்ந்து நடக்கும் இடத்தில் அந்த உரசலே இரைச்சலாக மாறுகிறது. ஆன்டெனா வரை தகடுபோன்ற முழுச் செம்பு உறையுள்ள கேபிளையும், பெட்டிக்குள் ஆர்.ஜி. 400 அல்லது ஆர்.ஜி. 214 போன்ற இரட்டைப் பின்னல் கேபிளையும் பயன்படுத்துங்கள். ஒற்றைப் பின்னல் உள்ள ஆர்.ஜி. 58 ரிப்பீட்டர் பெட்டிக்குள் நுழையவே கூடாது.

கேள்வி: எங்கள் ரிப்பீட்டரை வெகுதொலைவில் நன்றாகக் கேட்க முடிகிறது. ஆனால் அங்கிருந்து வாக்கி-டாக்கியில் அழைத்தால் அது விழிப்பதே இல்லை. ரிசீவருக்கு முன் ஒரு பிரீ-ஆம்ப்ளிஃபயர் வைக்கலாமா?

பதில்: உங்கள் ரிப்பீட்டர் 25 வாட்டில் பேசுகிறது, கையில் உள்ள வாக்கி-டாக்கி 5 வாட்டில். இந்த ஒன்றிலேயே 7 டெசிபல் வேறுபாடு வந்துவிடுகிறது. அதன் குட்டை ஆன்டெனா கேட்கும்போதும் இழக்கிறது, பேசும்போதும் இழக்கிறது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. முதலில் மேலே சொன்ன கசிவுச் சோதனையைச் செய்யுங்கள். கசிவு இருக்கும் ரிசீவருக்கு முன் பிரீ-ஆம்ப்ளிஃபயரை வைத்தால் கசிவும் சேர்ந்து பெருகும். நிலைமை முன்னைவிட மோசமாகும்.

கசிவு இல்லையென்றால் உயரத்தைப் பாருங்கள். ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில், ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் வருவது. 30 மீட்டர் உயரத்துக்கு அது சுமார் 23 கிலோமீட்டர். 100 மீட்டர் உயரமுள்ள இடத்துக்கு 41. உயரம் கேட்பதற்கும் அனுப்புவதற்கும் ஒருசேர உதவும். திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது அனுப்பும் பக்கத்தில் 3 டெசிபல் மட்டுமே. உயர்த்த வழியில்லாவிட்டால் டிரான்ஸ்மிட்டரை 10 வாட்டுக்கு இறக்கிவிடுங்கள். ரிப்பீட்டரைக் கேட்க முடிகிறவர்களில் பெரும்பாலோரை அதுவும் கேட்கும் என்ற நிலை வரும். சூடும் கசிவும் கூடவே குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரீ-ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று தோன்றினால், அதை டூப்ளெக்ஸருக்கும் ரிசீவருக்கும் இடையில் வையுங்கள். ஆன்டெனாவுக்கும் டூப்ளெக்ஸருக்கும் இடையில் வைத்தால் முதல் முறை பி.டி.டி. இயங்கும்போதே அது எரிந்துபோகும்.